பஜ்ஜி சுட்ட எண்ணெயில் லாரி ஓடுமா? டேங்கில் ஊத்தினா என்ன ஆகும்? முழு விவரம்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரெண்டு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஒன்று, வரிசைகட்டும் டீசல் லாரிகளும் கம்பெனி பஸ்களும். இன்னொன்று, வடையும் பஜ்ஜியும் வேகும் கடாய்கள். கேன்டீன்களிலும் சாலையோரக் கடைகளிலும் மிஞ்சும் அந்த எண்ணெயை டீசல் டேங்கில் ஊத்தினா வண்டி ஓடுமா? கொஞ்ச நாள் ஓடும். ஆனா, அப்படியே ஊத்தினா இன்ஜினுக்கு ஆபத்து.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

இது புது யோசனை இல்லை. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. பிறகு மலிவான பெட்ரோலிய டீசல் வந்ததும் இன்ஜின்கள் அதற்கு ஏற்றபடியே மாற்றப்பட்டன. இப்போதைய சிக்கலுக்குக் காரணமும் அதுதான்.

அப்படியே ஊத்தினா என்ன ஆகும்?

தாவர எண்ணெய் டீசலைவிட சுமார் பத்து மடங்கு கெட்டியானது. இன்ஜெக்டர் அதை மெல்லிய பனிபோலத் தெளிக்க முடியாது. பெரிய துளிகளாக விழும் எண்ணெய் முழுசா எரியாமல் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகப் படியும். எரியாத எண்ணெய் இன்ஜின் ஆயிலில் கலந்து அதையும் கெட்டியாக்கும். பொரித்த எண்ணெயில் தண்ணீரும் உணவுத் துகளும் சேர்ந்திருக்கும் என்பதால் ஃபில்டரும் அடைக்கும். டீசலில் மிச்சம் பிடித்த பணத்தைவிட இன்ஜின் பிரிக்கும் செலவு பெருசா இருக்கும்.

அப்போ என்ன வழி?

எண்ணெயை பயோடீசலாக மாற்றுவதுதான் வழி. எண்ணெயை வடிகட்டி, நீரை நீக்கி, மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்து சுமார் 60 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது பயோடீசல். தோராயமாக 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோ மெத்தனால் போட்டால் 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். இதன் அடர்த்தன்மை டீசலுக்கு நெருக்கமாக வந்துவிடும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். அதனால் வீட்டிலோ ஷெட்டிலோ முயற்சி செய்யவே கூடாது.

ஒரகடத்துக்கு என்ன தொடர்பு?

2004-ல் டைம்லர் கிறைஸ்லர் நிறுவனம், பாவ்நகரில் உள்ள மத்திய அரசின் உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, காட்டாமணக்கு பயோடீசலில் மெர்சிடிஸ் கார்களை இந்தியச் சாலைகளில் 5,000 கி.மீ.க்கும் மேல் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுமத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-ல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. ஆனால், காட்டாமணக்கு எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், புது எண்ணெயை எரிபொருளாக்குவதும் கட்டுப்படியாகாது. மிஞ்சுவது பொரித்த எண்ணெய்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

திரும்பத் திரும்பச் சூடாக்கும் எண்ணெயில் உடலுக்குக் கெடுதலான போலார் சேர்மங்கள் கூடும். இவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தொடங்கியது. பொரிக்க தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் இடங்கள் கணக்கு எழுதி, மிஞ்சியதை அங்கீகரிக்கப்பட்டவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பெரிய ஆலை கேன்டீன்களுக்கு இது முக்கியம்.

டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2030-க்கான தேசிய இலக்கு. நாடு இன்னும் அதற்கு வெகு தூரத்தில்தான் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது

வண்டி வைத்திருப்பவர்கள், எத்தனை சதவீதக் கலவை வரை போடலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. பிஎஸ்-6 இன்ஜின்களில் இது இன்னும் அவசியம். மீறினால் வாரண்டி கைவிட்டுப் போகலாம்.

கடை, கேன்டீன் நடத்துபவர்கள் பழைய எண்ணெயை 'யாரோ வாங்கிட்டுப் போறாங்க' என்று விட்டுவிடக் கூடாது. முறையாகப் போனால் அது லாரிக்குள் போகும். இல்லாவிட்டால், சுற்றி வந்து யாரோ ஒரு தொழிலாளியின் தட்டிலேயே விழும்.