முயல் போட்ட முட்டை

மேஜை மேல் மஞ்சளும் பச்சையுமாக மெழுகுவர்த்திகள். ஒரு கிண்ணம் நிறையச் சாயம் பூசிய முட்டைகள். பக்கத்தில் பீங்கானில் செய்த முயல். சின்னத் தொட்டியில் இப்போதுதான் முளைவிட்ட விதைகள். ஒரு கொத்து டாஃபடில் பூ.

மார்ச் 20 அல்லது 21. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கிற நாள். அன்றைக்கு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு விக்கா குடும்பத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் இந்தக் காட்சி கண்ணில் படும். விக்கா என்பது நவீன சூனியக்காரர்களின் மதம். உடனே துடைப்பத்தில் பறக்கிற கிழவியைக் கற்பனை பண்ணாதீர்கள். ஐ.டி. வேலை பார்ப்பவர், நர்ஸ், டீச்சர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு தேவன், ஒரு தேவி, வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். அதில் வசந்தத்துக்கான பண்டிகைதான் ஓஸ்டாரா.

யாருக்கு இந்தப் பூஜை என்று கேட்டால், ஓஸ்டாரா என்கிற வசந்த தேவிக்கு என்பார்கள். முயல் அவளுடைய பிராணி, முட்டை அவளுடைய சின்னம். அடிபட்டுக் கிடந்த பறவையை அவள் முயலாக மாற்றினாளாம். முயல் ஆன பிறகும் அது பழக்கதோஷத்தில் முட்டை போட்டதாம். இதோடு நிறுத்தினால் பரவாயில்லை. 'கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே இது எங்கள் பண்டிகை. முட்டை, முயல், பெயர் எல்லாவற்றையும் சர்ச் சுருட்டிக்கொண்டு ஈஸ்டர் என்று கடை விரித்துவிட்டது' என்று பலர் சொல்கிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இந்தச் சண்டை தவறாமல் வந்துவிடும்.

பெரிய குற்றச்சாட்டுதான். நானோ பி.காம். படித்தவன். தொகை பெரிதாக இருந்தால் முதலில் வவுச்சரைத் தேடுகிற புத்தி. தேடினால், இந்த தேவியின் பெயரில் பழைய ஏடுகளில் இருப்பது ஒரே ஒரு வவுச்சர். அதிலும் கையெழுத்துப் போட்டவர் ஒரு கிறிஸ்தவத் துறவி!

அவர் பெயர் பீட். வடக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் இருந்தவர். அவருடைய கவலையெல்லாம் ஈஸ்டர் தேதி. சம இரவு நாளுக்கு அடுத்த பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. கேட்க எளிது, கணக்குப் போட்டால் தலை சுற்றும். அதற்காகவே 725-ம் வருட வாக்கில் காலக் கணக்கு பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஓர் அத்தியாயத்தில் ஆங்கிலேயர்களின் பழைய மாதப் பெயர்களைப் பட்டியல் போடுகிறார். ஏப்ரலையொட்டி ஒரு மாதம். ஈயோஸ்ட்ரே என்கிற தேவியின் பெயர் அதற்கு. முன்பெல்லாம் அந்த மாதத்தில் அவளுக்கு விழா எடுப்பார்கள், இப்போது அதே பெயரால் ஈஸ்டர் காலத்தை அழைக்கிறார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடுகிறார்.

அவ்வளவுதான். முயல் இல்லை, முட்டை இல்லை. அவள் எப்படி இருப்பாள், என்ன வரம் கொடுப்பாள், மூச்.

இப்படியே ஆயிரத்து நூறு வருடங்கள் ஓடின. 1835-ல் ஜெர்மனியில் யாக்கோப் கிரிம் வந்தார். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம். ஜெர்மானியப் புராணம் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். பழைய ஜெர்மன் மொழியில் ஈஸ்டருக்கும் ஏப்ரல் மாதத்துக்கும் இருந்த பெயர்கள் பீட் சொன்ன பெயரோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் ஜெர்மனியிலும் அவள் இருந்திருக்க வேண்டும், பெயர் ஓஸ்டாரா என்று இருந்திருக்க வேண்டும் என்றார். பழைய ஏடு எதிலும் அவர் பார்த்த பெயர் அல்ல அது. சொற்களை வைத்து அவராகக் கட்டிய பெயர்.

முயலும் முட்டையும்? முட்டையின் கணக்கு எளிது. இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போடும். நாற்பது நாள் முட்டை வீட்டில் மலையாகக் குவிந்துவிடும். விரதம் முடிந்த அன்று வேகவைத்து, சாயம் பூசி, கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான். 1290-ம் வருட ஈஸ்டருக்கு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வீட்டில் 450 முட்டைகள் வாங்கி அலங்கரித்துக் கொடுத்திருக்கிறார்கள். செலவு 18 பென்ஸ். அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி ஆதாரம்தான் பிடிக்கும்.

முயல் இன்னும் பிற்பாடு வந்தது. ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனாவ் என்கிற ஜெர்மன் மருத்துவர் 1682-ல் ஈஸ்டர் முட்டை பற்றி எழுதினார். அல்சாஸ் பக்கத்தில் ஒரு முயல் வந்து தோட்டத்துப் புல்லில் முட்டைகளை ஒளித்து வைக்கும், குழந்தைகள் தேடி எடுப்பார்கள், பெரியவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். டாக்டர் இல்லையா, முட்டை நிறையத் தின்றால் வயிறு கெடும் என்றும் எச்சரித்திருக்கிறார். தேவி பற்றிப் பேச்சே இல்லை.

முடிச்சுப் போட்டவர் அடால்ஃப் ஹோல்ட்ஸ்மன் என்கிற பேராசிரியர். 1874-ல் வெளியான புத்தகத்தில். இந்த ஈஸ்டர் முயல் எனக்கு விளங்கவில்லை, ஒருவேளை ஓஸ்டாராவின் பிராணியாக இருந்திருக்கலாம், முட்டை போடுகிறதே, முன்னொரு காலத்தில் பறவையாக இருந்திருக்குமோ என்ற பொருளில் எழுதினார். வெறும் ஊகம். அடுத்த சில வருடங்களிலேயே 'இருக்கலாம்' உதிர்ந்து 'இருந்தது' ஆகிவிட்டது. பறவையை முயலாக்கிய புராணம் ரெடி!

சரி, விக்காவுக்கு வருவோம். ஜெரால்ட் கார்ட்னர் என்கிற ஆங்கிலேயர். 1884-ல் பிறந்தவர். 1900-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். அப்புறம் மலேயா. அங்கே ரப்பர், பிறகு சுங்க இலாகா. மலாய்க் கத்திகள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1936-ல் ரிட்டயர் ஆகி ஊர் திரும்பிய மனிதர், 1939-ல் ஒரு ரகசிய சூனிய வட்டத்தில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1735-ல் போட்ட சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. 1954-ல் கார்ட்னரின் புத்தகம் வந்தது. இன்றைய விக்காவின் தொடக்கம் அதுதான்.

ஆனால் பாருங்கள், கார்ட்னர் காலத்தில் அந்த வசந்தப் பண்டிகைக்கு ஓஸ்டாரா என்ற பெயர் கிடையாது. சும்மா 'வசந்த சம இரவு நாள்'தான். பெயர் வைத்தவர் கலிஃபோர்னியாக்காரர் எய்டன் கெல்லி. 1974-ல் பண்டிகைக் காலண்டர் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். எட்டில் சிலவற்றுக்கு அழகான பழைய பெயர் இருந்தது. மற்றவை மொட்டையாக நின்றன. அது அவர் கண்ணை உறுத்தியது. வசந்தத்துக்கு ஓஸ்டாரா என்று போட்டார். அந்தப் பெயர்கள் ஓர் அமெரிக்கப் பேகன் பத்திரிகை வழியாகப் பரவின. இதையெல்லாம் கெல்லி மறைக்கவில்லை, அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆசாமி அவர்தான்.

ஆக, சர்ச் திருடியதாகச் சொல்லப்படும் முட்டை, சர்ச்சின் விரதத்தில் மிஞ்சிய முட்டை. முயல் கிறிஸ்தவக் குழந்தைகளின் விளையாட்டில் ஓடியது. திருட்டுப் புகார் நிற்காது. ஈஸ்டர் என்ற பெயர் மட்டும் ஒருவேளை அந்த தேவியுடையதாக இருக்கலாம். அதுவும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மட்டும். பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் எல்லாமே பாஸ்கா என்ற சொல்லில் இருந்து வந்த பெயரைத்தான் வைத்திருக்கின்றன.

அதனால் விக்காவே போலி என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் தப்பு. விக்கா ஒரு மதம்தான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986-லேயே சொல்லிவிட்டது. எத்தனை நூற்றாண்டு பழசு என்பது அங்கே கேள்வியாக இல்லை. ஆனாலும் 2005-ல் ஆஃப்கனிஸ்தானில் இறந்த ஒரு விக்கா ராணுவ வீரரின் நினைவுப் பலகையில் ஐந்துமுனை நட்சத்திரம் பொறிக்க அரசாங்கம் அனுமதி தரவில்லை. சிலுவைக்கும் பிறைக்கும் உண்டு, இதற்கு இல்லை. மனைவி போராடினார். வழக்கு நடந்தது. 2007 ஏப்ரலில்தான் அரசாங்கம் இறங்கி வந்தது.

சரி, பீட்? அவர் பேச்சை மட்டும் எப்படி நம்புவது? மாதப் பெயரை விளக்கத் தெரியாமல் அவரே ஒரு தேவியை இட்டுக்கட்டிவிட்டார் என்று சந்தேகப்பட்ட அறிஞர்கள் உண்டு. ஒரு துறவி எதற்காக இன்னொரு மதத்துக்குச் சாமி சப்ளை பண்ணப் போகிறார் என்று கிரிம் பதில் சொன்னார். நியாயமான கேள்வி. ஆனால் சாட்சி?

1958-ல் ஜெர்மனியில் மோர்க்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில் தோண்டியபோது லத்தீன் எழுத்துகளோடு கற்கள் கிடைத்தன. ஒன்று இரண்டு அல்ல, 150-க்கும் மேல். பீட்டுக்கு ஐந்நூறு வருடம் மூத்தவை, ரோமானியர் காலத்தவை. அவுஸ்ட்ரியாஹேனே என்கிற தாய் தேவியருக்கு நேர்ந்துகொண்டவர்கள் வைத்த கற்கள். அந்தப் பெயருக்கும் ஈயோஸ்ட்ரேவுக்கும் வேர் ஒன்றுதான் என்கிறார்கள் மொழி அறிஞர்கள் பலர். இவர்கள்தான் அவளா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. வேண்டிக்கொண்டவர்களின் பெயர்கள் பல கற்களில் இருக்கின்றன. என்ன வேண்டினார்கள், வருடத்தின் எந்த நாளில் கும்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.