வலிநிவாரணிகளால் வரும் மாயக்காட்சிகள்

மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளை எடுத்துக்கொள்வோரில் சிலருக்கு, எதிரே இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரியும். காதில் குரல் கேட்கும். தோலில் பூச்சி ஊர்வதுபோல இருக்கும். இது மருந்தின் பக்கவிளைவு, மனநோய் அல்ல. மருந்து தொடங்கியபோதோ டோஸைக் கூட்டியபோதோ இது தலைகாட்டுவதுண்டு. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

கண்ணில் தோன்றுபவையே அதிகம்: சுவரில் சாரைசாரையாக எறும்பு, கட்டிலோரம் நிற்கும் ஆள், எப்போதோ இறந்துபோன தாய். நோயாளி காற்றில் எதையோ பறிப்பார், போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். கைகால்கள் திடீர்திடீரென வெட்டி இழுப்பதும் உடன் வரலாம். தாம் காண்பது மெய்யல்ல என்று தெளிவாக அறிந்தவர்களும் உண்டு. நாள், இடம், ஆள் அடையாளம் குழம்பிவிட்டால் அது சித்தப்பிரமை (டெலிரியம்). உடனடி மருத்துவக் கவனம் வேண்டும்.

மார்ஃபினைக் கல்லீரல் மார்ஃபின்-3-குளுக்குரோனைடு, மார்ஃபின்-6-குளுக்குரோனைடு என்ற பொருள்களாக மாற்றுகிறது. அவற்றை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் தளர்ந்தாலோ, வாந்தியாலும் பேதியாலும் உடலில் நீர் வற்றினாலோ அவை இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குகின்றன. வாரக்கணக்கில் ஒத்துக்கொண்ட அதே டோஸ் ஒருநாள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். மற்றொரு ஓபியாய்டான பென்டசோசின் ஊசி, மூளையின் கப்பா வகை ஏற்பிகளைத் தூண்டுவதால் மாயக்காட்சிக்குப் பெயர்போனது. 1962இல் உருவாக்கப்பட்ட கீட்டமைன் என்ற மயக்க மருந்து ஓபியாய்டு அல்ல. ஆனால் அதன் மயக்கம் தெளியும் வேளையில் விசித்திரக் கனவுகளும் காட்சிகளும் வருவதுண்டு.

பழியை மார்ஃபின்மேல் மட்டும் போடுவது சரியல்ல. தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, கிருமித்தொற்று, சோடியம் குறைவு, கால்சியம் மிகுதி ஆகியவையும் மாயக்காட்சியை உண்டாக்கும். மருத்துவர் இவற்றைச் சோதித்த பிறகு டோஸைக் குறைப்பார், அல்லது வேறொரு ஓபியாய்டுக்கு மாற்றுவார்; நீரிழப்பைச் சரிசெய்வார்; தேவைப்பட்டால் சிறு அளவில் ஹாலோபெரிடால் என்ற மருந்தைத் தருவார். பெரும்பாலும் வலியைக் கட்டுக்குள் வைத்தபடியே மாயக்காட்சியைப் போக்கிவிட முடியும்.

கவலைக்குரியது நோயாளியின் மௌனம்தான். பைத்தியம் என்பார்கள், மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து பலர் சொல்வதில்லை. வீட்டாரோ இறந்தவர்கள் அழைக்க வந்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறார்கள். தாமாகவே மருந்தை நிறுத்துவது இன்னும் கொடுமை: அடங்கியிருந்த வலி திரும்பும், கூடவே வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என விலகல் தொல்லையும் சேரும்.

பார்த்துக்கொள்பவர்கள், "கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா?" என்று இதமாகக் கேளுங்கள். பதிலை அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கமோ, மூச்சு மந்தமோ தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.