மருந்தடிக்கிற ஏரோப்ளேன்

ஹைதராபாத்தில் தசராவுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. ஊரிலிருந்து புதிதாக இங்கே குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது முதல் அதிர்ச்சி. தங்கமணிக்கு ஆபீஸ், எனக்கு மல்லாபூர் தொழிற்பேட்டையில் வேலை. பையனை யார் பார்த்துக்கொள்வது? வழக்கம் போல மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்பாவை வரவழைத்தோம். தாத்தா பேரனுக்குக் கதை சொல்ல, அதில் ஒன்று என் தலையில் வந்து விடிந்தது.

"அப்பா, தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ வயலுக்கு ஏரோப்ளேன் வந்து மருந்தடிச்சுதாம். அதே மாதிரி ஒண்ணு பண்ணலாமா?"

எனக்குப் பிழைப்பே தகரத்தில்தான். ஏ.சி. காற்றுக் குழாய்களுக்குத் தகடு விரிப்பு வரைகிறவன் நான். தகரத்தை மடக்கத் தெரிந்தவனுக்குக் காகிதம் எம்மாத்திரம் என்று ஒரு திமிர். யாரோ வரைந்ததை அச்செடுத்து ஒட்டுவதில்லை, முதல் கோட்டிலிருந்து நாமே வரைவது என்று முடிவாயிற்று.

எந்த விமானம்? மருந்தடிக்கும் விமானம் என்றதுமே எனக்கு ஞாபகம் வருவது ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959). வெட்டவெளியில் கேரி கிராண்டை ஒரு விமானம் துரத்துமே, அதுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று என ரெட்டை இறக்கை. அப்பாவிடம் கேட்டேன். "நீங்க பார்த்ததுக்கு இறக்கை ஒண்ணாப்பா, ரெண்டா?"

"யாருடா எண்ணினா? கண்ணை மூடிக்கிட்டுல்ல நின்னோம்" என்றார். அப்போது அதை நான் காதில் சரியாக வாங்கவில்லை.

சரி, ரெட்டை இறக்கையே இருக்கட்டும் என்று அமெரிக்காவின் கிரம்மன் ஆக்-கேட்டை எடுத்துக்கொண்டேன். கிரம்மன் என்றால் போர் விமானம் செய்தே பேர் வாங்கிய கம்பெனி. வைல்ட்கேட், ஹெல்கேட் என்று எல்லாம் பூனைப் பெயர்கள். அந்த வரிசையில் விவசாயத்துக்கு வந்த பூனை இது. முதலில் பறந்தது 1957 மே 27. அதன்பிறகு கிரம்மன் இதைத் தன் பட்டறையில் செய்யாமல் நியூயார்க் மாநிலத்து ஷ்வைட்ஸர் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. 1959 முதல் 1981 வரை அவர்கள் செய்தது 2,400க்கும் மேல்.

ஆரம்பகால ஆக்-கேட்டின் இறக்கை நுனிக்கு நுனி 10.95 மீட்டர். காகித மாடல்காரர்களின் பழைய அளவு 1:33. போலந்தில் 1957ல் தொடங்கிய 'மாவி மாடலாஷ்' என்ற பத்திரிகை பிள்ளைகளுக்கென்று அச்சிட்ட விமானங்கள் இந்த அளவில்தான் பிரபலம். கணக்குப் போட்டால் இறக்கை 33 சென்டிமீட்டர் வருகிறது. ஏ4 தாளில் அடங்காது. 1:50 என்று வைத்தால் 22 சென்டிமீட்டர். அடங்கும். அட்டைக்குப் பஞ்சமில்லை, பரணில் பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. (யார் வீட்டு மாப்பிள்ளை யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் இப்போது விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது.)

வரைய உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. காகிதத்தை ஒரு திசையில்தான் வளைக்க முடியும். உருட்டலாம், கூம்பாக்கலாம், மடிக்கலாம். பந்து மாதிரி ரெண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைக்கப் பார்த்தால் சுருங்கிக் கசங்கும். அதனால்தான் வழுவழுவென்ற போர் விமானங்களைக் காகிதத்தில் செய்வது தலைவலி. ஆக்-கேட்டோ பெரும்பாலும் பெட்டி! இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் தட்டைத் தகடுகள். பக்கத் தகடுகளைக் கழற்றி உள்ளே சிந்திய மருந்தைக் கழுவலாம். தகடு நசுங்கினால் இன்னொன்றை வெட்டி மாட்டலாம். எளிதில் ரிப்பேர் செய்ய வேண்டும் என்று யோசித்தவர்களும் காகிதம் வெட்டுகிற நானும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். மூக்கில் மட்டும் வட்டமான இன்ஜினுக்கும் சதுரமான உடம்புக்கும் நடுவே ஒரு இணைப்பு வேண்டும். சதுரக் காற்றுக் குழாயை வட்டக் குழாயோடு சேர்க்க தினமும் நான் போடுகிற அதே முக்கோண விரிப்புதான். ஆபீசில் சம்பளத்துக்கு, வீட்டில் சும்மா.

அடுத்தது இறக்கை. எதற்கு ரெண்டு? மருந்தடிக்கும் விமானம் மெதுவாகப் பறக்க வேண்டும், குட்டையான மண் ஓடுதளத்தில் முழுப் பாரத்தோடு எழும்ப வேண்டும், வயல் முடிந்ததும் சட்டென்று திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் இறக்கைப் பரப்பு நிறைய வேண்டும். அதை ஒரே இறக்கையில் வைத்தால் நீளம் கூடும். ரெண்டாகப் பிரித்து மேலும் கீழும் வைத்து, தாங்குகால்களும் கம்பிகளும் கொண்டு இழுத்துக் கட்டினால் ஒரு பாலம் மாதிரி உறுதி வந்துவிடும். காற்றை எதிர்ப்பதால் வேகம் குறையும்தான். ஆனால் வயலுக்கு மேலே யாருக்கு வேகம் வேண்டும்?

விலையும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஸ்டியர்மன் என்ற ரெட்டை இறக்கை விமானம் 8,000க்கும் மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் அவை மலிவு விலைக்கு வந்தன. முன்சீட்டைப் பிடுங்கி அங்கே மருந்துத் தொட்டியை வைத்து, பெரிய இன்ஜினை மாட்டி வயலில் இறக்கிவிட்டார்கள்.

இந்தத் தொழிலின் பிறப்பும் ரெட்டை இறக்கையில்தான். 1921 ஆகஸ்ட் 3, ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊருக்குப் பக்கத்தில் கட்டால்பா மரத்தோப்பு ஒன்றைப் புழு தின்றுகொண்டிருந்தது. ராணுவ விமானி மெக்ரெடி, பழைய கர்டிஸ் ஜென்னி விமானத்தில் பறந்து காரீய ஆர்சனேட் தூளைக் கொட்டினார். விமானத்தின் பக்கவாட்டில் கட்டிய தொட்டியை டார்மோய் என்ற பொறியாளர் செய்திருந்தார். புழுக்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. சில வருஷங்களிலேயே பருத்திக்குத் தூள் தூவ ஹஃப் டேலண்ட் என்ற கம்பெனி கிளம்பியது. மிசிசிப்பி டெல்டாவை வைத்து அது 1928ல் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று உலகம் சுற்றும் டெல்டா ஏர்லைன்ஸ் அதுதான். நான் காவிரி டெல்டாக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ரெட்டை இறக்கை மோகத்தின் உச்சம் போலந்தின் எம்-15. சோவியத் கேட்டதற்காக மியலெட்ஸ் நகரில் செய்த, ஜெட் இன்ஜின் வைத்த ரெட்டை இறக்கை விமானம்! மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் நடுவே தூண் மாதிரி ரெண்டு பெரிய மருந்துத் தொட்டிகள். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். 'பெல்ஃபெகோர்' என்று ஒரு பிசாசின் பெயரையே பட்டமாக வைத்தார்கள். 175 செய்ததோடு நின்றுபோனது. படத்தைப் பார்த்த பையன் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அழுதது தனிக் கதை.

அப்புறம் அவன் கேட்டான், "நம்ம ஊர்ல இந்த மாதிரி செய்யலையா?"

செய்தோம். பெங்களூர் எச்.ஏ.எல். உருவாக்கிய எச்.ஏ.-31 'பசந்த்', அதாவது வசந்தம். அறுபதுகளின் கடைசியில் போட்ட முதல் வடிவத்தில் விமானியின் அறை இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் மேலே இருந்தது. அதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள். 400 குதிரைசக்தி லைகமிங் இன்ஜின், உயர்த்திக் கட்டிய விமானி அறை, அதற்கு முன்னால் மருந்துத் தொட்டி. 1972 மார்ச் 30ல் பறந்தது. 1974ல் முதல் எட்டு விமானங்கள் வேளாண் அமைச்சகத்துக்குப் போயின. 1980ல் உற்பத்தியை நிறுத்தியபோது மொத்தம் 39. பசந்துக்கு இறக்கை ஒன்றுதான், கீழே. பையனுக்கு ஏமாற்றம். எனக்கென்னவோ, போட்ட படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி வரைந்த அந்த பெங்களூர்க்காரர்கள்மேல் மரியாதை கூடியது. மூக்கு விரிப்பை நான் நாலு தடவை கிழித்திருந்தேன்.

விமானியை ஏன் அப்படிப் பின்னால் தூக்கி உட்கார வைத்தார்கள்? 1950ல் ஃப்ரெட் வைக் என்பவர் டெக்சாஸில் செய்த ஏ.ஜி.-1 விமானம் காட்டிய வழி அது. தாழப் பறப்பவன் என்றாவது மோதுவான். அப்போது முன்னால் இருக்கும் இன்ஜினும் தொட்டியும் முதல் அடியை வாங்கட்டும், விமானி பின்னால் பத்திரமாக இருக்கட்டும். இன்றைய மருந்தடிக்கும் விமானங்களின் கூன் முதுகுக்கு இதுதான் காரணம். ஆக்-கேட்டிலும் அப்படியே.

இதை நான் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிறவனுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார் என்றேன். சோபாவில் இருந்த அப்பா, "கீழ நின்னவனுக்கு?" என்றார்.

அன்றுதான் முழுக்கதையும் வந்தது. அப்பாவுக்குப் பதினாலு வயசு இருக்கும். வரப்பின் ஒரு முனையில் இவர், மறுமுனையில் இன்னொரு பையன். மூங்கில் கழியில் வெள்ளைத் துணி. விமானிக்கு எது அடித்த பகுதி, எது அடிக்காத பகுதி என்று மேலிருந்து தெரியாது. கொடிக்கு நேராக வருவான், திறந்துவிடுவான், போவான். அவன் திரும்பி வருவதற்குள் இவர்கள் அடி எண்ணி நகர்ந்து நிற்க வேண்டும். "தலைக்கு மேல சர்ருனு போவும். மழைச்சாரல் மாதிரி விழும். கண்ணை மூடிக்குவோம். துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கச் சொன்னாங்க. சாயங்காலம் வாய்க்கால்ல குளிச்சிட்டு வீட்டுக்குப் போனா, ஒங்க ஆத்தா கிட்ட சேர்க்க மாட்டா, நாத்தம்."

கொடிக்காரர்கள் மன்னார்குடியில் மட்டும் இருந்ததில்லை. அமெரிக்காவிலும் ஜி.பி.எஸ். வரும்வரை வயல் முனையில் ஆள் நின்று கொடி ஆட்டியதுதான் வழக்கம். நம் நாட்டில் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ல் அதற்கான விதிகளும் வந்தன. வானிலிருந்து அடிப்பதென்றால் 24 மணி நேரம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆட்களும் மாடுகளும் உள்ளே வராமல் தடுக்க வேண்டும், கழுவிக்கொள்ள வசதியும் முதலுதவியும் வேண்டும் என்று அதில் இருக்கிறது. விதி நல்ல விதிதான். ஆனால் காசர்கோட்டில் அரசின் முந்திரித் தோட்டங்களுக்கு எழுபதுகளின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் அடித்தார்கள். தோட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் வீடுகள், கிணறுகள், ஓடைகள். அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2017ல் இன்னொரு உத்தரவு.

இப்போது வயலுக்கு மேலே ட்ரோன் வந்துவிட்டது. 2020ல் ராஜஸ்தானுக்கு வெட்டுக்கிளி வந்தபோது அடித்தார்கள். மகளிர் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் தரும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. கொடி பிடிக்க ஆள் வேண்டாம், வரப்பிலிருந்து தள்ளி நின்று இயக்கலாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத்தான் இன்னமும் ஆள் வேண்டும்.

மாடல் ஒரு வழியாக முடிந்தது. தாங்குகாலுக்கு ஈர்க்குச்சி, கம்பிக்குத் தங்கமணியின் தையல் நூல். மேலிறக்கை கீழிறக்கையைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவாக வர, தீப்பெட்டிகளை அடுக்கி முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்கக் காயவிட்டோம். இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்வு. பையனுக்குத் தெரியாது, எனக்கு உறுத்துகிறது. ஹால் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா மிச்சமிருந்த பத்திரிகை அட்டையை எடுத்து, "ஒரு ஆளை வெட்டுடா" என்றார். ஒண்ணரை மீட்டர் பையன், 1:50ல் மூன்று சென்டிமீட்டர். கையில் ஊதுபத்திக் குச்சி, நுனியில் வெள்ளைக் காகிதம். ஜன்னல் திட்டில், விமானத்துக்கு நேர் கீழே நிறுத்தினோம். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிஷ்யூ பேப்பரில் துளி கிழித்துத் தண்ணீரில் நனைத்தான். தாத்தாவிடம் கேட்டு, மூக்கில் சுற்றிவிட்டான்.