புலிக்குளம் மாடு

தென் தமிழகத்தின் கிடை மாட்டினம். சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் ஊரால் பெயர் பெற்றது. மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டங்களிலும் காணப்படும். மக்கள் வழக்கில் கிடை மாடு, ஜல்லிக்கட்டு மாடு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கின மரபுவள நிறுவனம் 2012-இல் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தது.

ஆனால் இப்பகுதியின் மாடு வளர்ப்பு அந்தப் பதிவைவிட மிகப் பழையது. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவலைப் பாடுகிறது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்வில் மாட்டெலும்புகள் கிடைத்துள்ளன. இந்த இனமே அங்கு இருந்தது என்பதற்கு அவை சான்றாகா. மாடு வளர்ப்பின் தொன்மைக்குச் சான்று.

உடல் சிறியது, கட்டானது. கொம்பு பின்னோக்கி வளைந்து கூர்மையாக முடியும். பால் கன்றுக்கே சரியாகிவிடும். மந்தை மேய்க்கும் கீதாரிக்கு வருமானம் சாணத்தில்தான். அறுப்பு முடிந்த வயலில் இரவில் கிடை போடுவார்கள். இன்று ஒரு மூலை, நாளை மறு மூலை என நகர்த்த, சாணமும் கோமியமும் நிலம் முழுக்கச் சேரும். நிலத்துக்குரிய சம்சாரி அதற்குப் பணமோ தானியமோ கொடுப்பார். விதைப்புக் காலத்தில் மாடுகள் மலையடிவாரம் போய்விடும். காளைக்கன்றுகள் விற்பனைக்கு. ஜல்லிக்கட்டு வளர்ப்பவர் வாங்கிப்போய்ப் பருத்திக்கொட்டை வைத்துத் தேற்றுவார்.

இந்தச் சுழற்சி பல இடங்களில் அறுந்துவிட்டது. உரமூட்டை கிடையின் வேலையையும் டிராக்டர் காளையின் வேலையையும் பறித்தன. கண்மாய்ப் புறம்போக்கைச் சீமைக்கருவேலம் மூடியது. விருதுநகர் மாவட்டத்தின் ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலை வாரக்கூலி தருகிறது. மழையிலும் வெயிலிலும் மாட்டுக்குப் பின்னால் நடக்க இளைஞர் எப்படி வருவார்?

2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும் காளைக்கன்றின் மதிப்பு ஆட்டம் கண்டது. தடைக்கு எதிரான 2017 மெரினா போராட்டத்துக்குப் பின் ஜல்லிக்கட்டை அனுமதித்த மாநிலச் சட்டத்தை 2023-இல் அதே நீதிமன்றம் ஏற்றது. காளை பிழைத்தது, மேய்ச்சல் பிழைக்கவில்லை. திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமானது. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடுத்தது; பின்னர் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவுக்குத் தடையைச் சுருக்கியது. மேற்கு விருதுநகர்க் கீதாரிகளுக்கு அந்தச் சுருக்கம் உதவவில்லை. அவர்கள் மாடு மேய்க்கும் மலை காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. இத்தனைக்கும் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகவே ஏற்கிறது.

வாடிவாசல் காளைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது அதை ஈன்ற கிடைப் பசுவுக்குக் கிடைக்க வேண்டும். மேய்ச்சல் நிலம் இல்லாமல் இந்த இனத்தைக் காக்க முடியாது.