ஜேம்ஸ் ஹென்றி ஹேமண்ட்

ஜேம்ஸ் ஹென்றி ஹேமண்ட் (15 நவம்பர் 1807 – 13 நவம்பர் 1864) அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பருத்திப் பண்ணையாளர், அரசியல்வாதி. பிரதிநிதிகள் அவை உறுப்பினர், மாநில ஆளுநர், செனட் உறுப்பினர் ஆகிய பதவிகளை வகித்தார். அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்து வாதாடியவர்களுள் முக்கியமானவர்.

இளமையும் பண்ணையும்

நியூபெரி மாவட்டத்தில் பிறந்தார். தந்தை மாசசூசெட்ஸிலிருந்து குடியேறிய ஆசிரியர். 1825இல் தென் கரோலினா கல்லூரியில் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். பின்னர் கொலம்பியா நகரில் இதழாசிரியராக இருந்து, கூட்டாட்சி அரசின் சுங்கவரிச் சட்டத்தை மாநிலம் செல்லாததாக்கலாம் என்று எழுதினார். 1831இல் சார்ல்ஸ்டன் நகரின் செல்வந்தர் குடும்பத்தைச் சேர்ந்த கேத்தரின் ஃபிட்ஸ்சைமன்ஸை மணந்தார். சவானா ஆற்றங்கரையிலிருந்த சில்வர் பிளஃப் பண்ணையும் 147 அடிமைகளும் இத்திருமணத்தின் வழியே அவர் வசமாயின. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை இட்டு விளைச்சலைப் பெருக்கினார். அடிமைகள் தனியே கூடி வழிபடுவதைத் தடுக்க முயன்றும், அவரால் அதை முற்றிலும் ஒழிக்க முடியவில்லை. இறுதிக்காலத்தில் 300க்கும் மேற்பட்டோர் அவரிடம் அடிமைகளாக இருந்தனர்.

அரசியல்

1835இல் பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார். அடிமை ஒழிப்பு மனுக்களை அவை ஏற்கவே கூடாது என வற்புறுத்தினார். உடல்நலக் குறைவால் மறு ஆண்டே விலகினார். 1842 முதல் 1844 வரை ஆளுநராக இருந்தார். மனைவியுடன் பிறந்தவரின் இளவயது மகள்களிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டது தெரியவந்ததால், பத்தாண்டுகளுக்கு மேல் உயர்பதவி எதுவும் கிட்டவில்லை. அடிமைப் பெண் சாலி ஜான்சனையும் சாலியின் மகள் லூயிசாவையும் ஹேமண்ட் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கினார்.

1857இல் செனட்டுக்குத் தேர்வானார். 4 மார்ச் 1858 அன்று ஆற்றிய உரையில் பருத்தியே அரசன், அதன்மீது போர் தொடுக்க எவரும் துணியார் என்றார். கீழ்மட்ட வேலை செய்ய ஒரு வகுப்பு எந்தச் சமூகத்துக்கும் தேவை என்றும் வாதிட்டார். குடியரசுத் தலைவர் தேர்தலில் லிங்கன் வென்றதும் நவம்பர் 1860இல் பதவி விலகினார். பின்னர் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பருத்தி தடைபட்டபோது பிரிட்டன் இந்தியா, எகிப்து ஆகியவற்றை நாடியது. பருத்திக்காகத் தென்மாநிலங்களின் பக்கம் சேரவில்லை.

மறைவும் ஆவணங்களும்

போர் முடியுமுன், பீச் ஐலண்டில் தாம் கட்டிய ரெட்கிளிஃப் மாளிகையில் இறந்தார். அம்மாளிகை இன்று மாநில வரலாற்றுத் தலம். அவருடைய அந்தரங்க நாட்குறிப்புகள் 1988இல் நூலாயின. ஆதிக்கத்தை நிலைநிறுத்த அவர் எழுதிவைத்த பண்ணைக் குறிப்புகளே, அங்கு உழைத்தவர்களின் வாழ்வையும் எதிர்ப்பையும் அறிய வரலாற்றாசிரியர்களுக்கு முதன்மைச் சான்றாக உள்ளன.