அக்விலேயா ஆலயத் தளமும் அதன் சாட்சியும்

வட இத்தாலியில் ஆதிரியாக் கடலுக்கு அண்மையிலுள்ள அக்விலேயா, கி.மு. 181இல் ரோமர் நிறுவிய நகரம். கி.பி. 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்தரம் கிடைத்த சில ஆண்டுகளுக்குள் அத்தியட்சர் தியோடோர் அங்கு ஓர் ஆலயம் எழுப்பினார். 452இல் அத்திலாவின் படை நகரைப் பாழாக்கியது. பிற்காலத்தில் ஆலயத்தைப் புதுப்பித்த பாத்திரியார்க் போப்போ 1031இல் அதனைப் பிரதிஷ்டை செய்தார். தியோடோரின் தளமோ புதிய தளத்தின் கீழ் மறைந்து கிடந்தது.

1909இல் தொடங்கிய பணியில் அப்பழைய தளம் வெளிப்பட்டது. 700 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், சிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த சித்திரங்கள் அதில் உள்ளன. மீன் யோனாவை விழுங்குவதையும், கக்குவதையும், அவன் செடியின் நிழலில் இளைப்பாறுவதையும் அங்குக் காண்கிறோம். மனுஷகுமாரனுடைய மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் யோனாவே அடையாளம் அன்றோ? உபத்திரவத்தினின்று மீண்ட சபை தன் நம்பிக்கையைத் தான் நின்று ஜெபித்த தரையிலேயே பதித்துவைத்தது.

அக்கடற்காட்சியின் நடுவே தியோடோரைப் பாராட்டும் வாசகம் ஒன்றும் உண்டு. அவர் தனித்து நின்று கட்டினார் என்று அது கூறவில்லை. சர்வவல்ல தேவனுடைய துணையோடு, அவரிடம் ஒப்புவிக்கப்பட்ட மந்தையின் துணையையும் சேர்த்தே கூறுகிறது. ஆலயங்களின் அடிக்கல்லில் நம் பெயரைப் பொறிக்கும் ஊழியராகிய நாம், மந்தைக்கும் அங்கே இடம் உண்டா என்று முதலில் கேட்பது நலம்.