எலும்பு நகரவில்லை, சோதனை மாறியது: 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின் மறுவாசிப்பு

சாக்ரோஇலியாக் மூட்டு பற்றி டுல்பெர்க் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வை நம் துறையில் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். மானிபுலேஷன் வீண் வேலை என்பதற்கு அது சான்று என்கிறது ஒரு தரப்பு. பத்தே பேரை வைத்துச் செய்தது, பொருட்படுத்த வேண்டாம் என்கிறது மற்றது. ஆய்வுக்கு ஆளெடுத்த விதத்தை இரு தரப்பும் ஊன்றிப் படிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சோதனைகளில் பெரும்பாலானவை மானிபுலேஷனுக்கு முன் குறையைக் காட்ட வேண்டும், பின்னர் இயல்பாகிவிட வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. அதாவது, 'மூட்டு ஏறிவிட்டது' என்று எந்தச் சிகிச்சையாளரும் அடித்துச் சொல்லக்கூடிய நோயாளிகள்தாம் அந்தப் பத்துப் பேரும். எலும்பில் பதித்த டான்டலம் மணிகளை எக்ஸ்ரேயில் பிடித்து இடம் கணிக்கும் முறையில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்களை நிற்கவைத்து அளந்தார்கள். ஒருவரிடம்கூட இலியத்தைப் பொறுத்து சாக்ரத்தின் நிலை மாறவில்லை.

சோதனைகள் இயல்பானதை ஆய்வின் கண்டுபிடிப்பாகக் காட்டுவது பிழை. அது தேர்வு நிபந்தனை. மானிபுலேஷன் எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. ஆனால் எண்ணிக்கைக் குறைவை ஈடுகட்டுவதும் அதே நிபந்தனைதான். 'விலகிய மூட்டு' என்ற கொள்கைக்கு இதைவிடச் சாதகமான நோயாளிகள் கிடைக்கமாட்டார்கள். அவர்களிடமே அது தேறவில்லை.

அப்படியானால் நம் கட்டைவிரல்கள் எதை உணர்ந்தன? நோயாளி குனியும்போது இடுப்புக் குழிகளுக்குக் கீழே வைத்த இரண்டு விரல்களில் ஒன்று முந்தி ஏறுகிறது. இது கண்ணால் காண்பது, கற்பனையல்ல. ஆனால் ஸ்டுரெசன் குழு 1989இல் 25 பேரிடம் அளந்த மூட்டசைவு சராசரியாக 2.5 பாகை, 0.7 மில்லிமீட்டர். தோல், கொழுப்பு, தசைநார் எல்லாவற்றையும் தாண்டி விரல் இதை எடைபோடுகிறது என்று நம்ப எனக்குத் துணிவில்லை. விரலுக்குத் தட்டுப்படுவது ஒரு பக்கத் தசையின் இறுக்கமாக இருக்கலாம். 1998 ஆய்வு இதை நிறுவவில்லை. மென்திசுக்களின் எதிர்வினையை இனி ஆராயுங்கள் என்று சொல்லி அதன் ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

மூட்டு நகர்ந்துவிட்டு, படமெடுப்பதற்குள் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்பார்கள். எழுந்து நிற்பதற்குள் மறைந்துபோகும் திருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதன் விளைவு சிகிச்சை அறையில்தான் தெரிகிறது. 'விலகியிருக்கிறது' என்று கேட்டவர் குனியப் பயப்படுகிறார். 'ஏற்றிவிட' வாராவாரம் வருகிறார். மாறாக, பிரசவத்துக்குப் பின் இடுப்பு வளைய வலி கண்ட 81 பெண்களிடம் ஸ்டூகே குழு 2004இல் நடத்திய ஆய்வில், 20 வாரத் திட்டத்தில் இடுப்பை நிலைப்படுத்தும் பயிற்சிகளையும் செய்தவர்கள், அவை இல்லாமல் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலியிலும் செயல்திறனிலும் நன்கு தேறினார்கள். இடுப்பு வளைய வலி முழுவதும் இந்த மூட்டின் வலியல்ல. ஆகவே அளவோடுதான் இதைப் பயன்படுத்த வேண்டும். இருந்தும், எந்த எலும்பையும் இடம் மாற்றிவைப்பது அந்தப் பயிற்சிகளின் வேலையாக இருக்கவில்லை.

கேஸ் ஷீட்டில் 'வலது இலியம் முன்சுழற்சி' என்று எழுதும் இடத்தில், தொடையைத் தள்ளியும் இடுப்பை அழுத்தியும் செய்யும் சோதனைகளில் எவை நோயாளியின் வழக்கமான வலியை எழுப்பின என்று எழுதலாம். அங்கே பதில் சொல்பவர் நோயாளி. நம் கட்டைவிரல் அல்ல.